வேற்றுமை உருபும் முன்னிடைச்சொல்லும்: கல்வராயன் மலைப் பள்ளிகளில் ஆங்கிலக் காலச் சொற்களை விளையாட்டுவழிக் கற்பித்தல் - ஒரு கருத்துரை

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் காலம் உணர்த்தும் முன்னிடைச்சொற்களைத் தொடக்கநிலை மாணவர்க்கு விளையாட்டுவழிக் கற்பிக்கும் முறை தமிழகப் பள்ளிகளில் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. எனினும் அவ்விளையாட்டுகளுள் பல, மாணவரின் தாய்மொழியில் ஏற்கெனவே அமைந்துள்ள கால வேறுபாட்டைக் கணக்கிற்கொள்ளாமல் வடிவமைக்கப்படுகின்றன. தமிழ் மணியையும் நாளையும் மாதத்தையும் வெவ்வேறு வகையில் குறிக்கிறது என்பதையும், இவ்வேறுபாட்டு உணர்வு தொல்காப்பியத்திலேயே பதிவாகியுள்ளது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. அதனை அடிப்படையாகக்கொண்டு, கல்வராயன் மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு ஏற்ற விளையாட்டுகளின் அமைப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: முன்னிடைச்சொல், வேற்றுமை உருபு, சாரியை, ஒப்பீட்டு இலக்கணம், விளையாட்டுவழிக் கற்றல், கல்வராயன் மலை

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019ஆம் ஆண்டில், நவம்பர் 26 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை இம்மாவட்டத்தின் மேற்கெல்லையில் அமைந்து, சேலம் மாவட்டத்துள்ளும் விரிந்து செல்கிறது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட இம்மலைப்பகுதியில் பெரும்பான்மையராக வாழும் பழங்குடியினர் மலையாளி எனப்படுவர். பெயர் எவ்வாறிருப்பினும் இவர்களின் தாய்மொழி தமிழே. நெடுங்காலம் சாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்த இம்மலை, 1976ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. இங்குள்ள மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2024ஆம் ஆண்டில் தானாக முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டதும் அறிந்ததே.

இத்தகைய பகுதியில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு ஆங்கிலம் வீட்டிலும் ஊரிலும் கேட்கப்படாத மொழி. அக்குழந்தை செய்யும் பிழைகள் அனைத்தும் ‘தாய்மொழித் தலையீடு’ என்னும் ஒரே சொல்லால் விளக்கப்பட்டுவிடுவதுண்டு. காலம் உணர்த்தும் முன்னிடைச்சொற்களின் பயன்பாட்டில் நேரும் பிழைகளும் அவ்வாறே மதிப்பிடப்படுகின்றன. இம்மதிப்பீடு முழுமையானதன்று. தாய்மொழி தடையாகும் இடங்கள் உள்ளன. வழிகாட்டும் இடங்கள் அவற்றினும் மிகுதி. விளையாட்டு இவ்விரண்டையும் பிரித்தறிந்து வடிவமைக்கப்பட்டாலன்றி அதன் பயன் மகிழ்ச்சியோடு நின்றுவிடும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆங்கில முன்னிடைச்சொற்கள் மூன்றும் இங்குத் தமிழ் எழுத்திலேயே அட், ஆன், இன் எனக் குறிக்கப்பெறும். பொதுவாக அட் மணி முதலிய காலப்புள்ளியையும், ஆன் நாளையும் தேதியையும், இன் மாதம், பருவம், ஆண்டு ஆகிய பரப்புடைய காலத்தையும் சாரும்.

தமிழில் காலம் குறிக்கும் மூவகை

‘ஐந்து மணிக்கு வந்தான்’, ‘திங்கட்கிழமை வந்தான்’, ‘தை மாதத்தில் வந்தான்’ என்னும் மூன்று தொடர்களை நோக்குக. முதலாவதில் காலம் ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபைப் பெற்றுள்ளது. இரண்டாவதில் உருபே இல்லை. வேண்டுமாயின் ‘திங்கட்கிழமை அன்று’ என ‘அன்று’ என்னும் சொல் சேரும். மூன்றாவதில் ‘இல்’ உருபு வந்துள்ளது. இவற்றை இடம் மாற்றினால் தொடர் சிதையும். ‘ஐந்து மணியில் வந்தான்’ என்றோ ‘தை மாதம் அன்று வந்தான்’ என்றோ தமிழ்க் குழந்தை கூறுவதில்லை. கல்வராயன் மலையில் வளரும் ஐந்து வயதுக் குழந்தையும் ‘அஞ்சு மணிக்கு’, ‘திங்கக்கெழம’, ‘தை மாசத்துல’ எனப் பிழையின்றிப் பேசும்.

காலப்புள்ளி, நாள், பரப்புடைய காலம் என்னும் மூவகைப் பாகுபாடு அக்குழந்தையின் மொழியறிவில் முன்னரே உள்ளது என்பதற்கு இதுவே சான்று. ஆங்கிலம் அட், ஆன், இன் எனப் பகுக்கும் அதே எல்லைக்கோடுகளைத் தமிழும் பெரும்பாலும் பின்பற்றுகிறது. எனவே ஆசிரியர் கற்பிக்க வேண்டுவது புதிய காலப் பாகுபாட்டை அன்று. அறிந்த பாகுபாட்டிற்குரிய புதிய வடிவங்களையும், அவ்வடிவங்கள் பெயருக்குப் பின் வராமல் முன் வரும் என்னும் இடமாற்றத்தையுமே ஆகும்.

இலக்கண மரபில் இவ்வேறுபாடு

ஏழாம் வேற்றுமையின் பொருளை விளக்குமிடத்துத் தொல்காப்பியர் வினை நிகழும் இடம், நிலம் ஆகியவற்றோடு காலத்தையும் சேர்த்து எண்ணுகிறார். இடமும் காலமும் ஓர் உருபின்கீழ் அடங்கும் என்னும் இக்கருத்து, இடத்திற்கும் காலத்திற்கும் ஒரே முன்னிடைச்சொற்களை ஆளும் ஆங்கில வழக்கை விளக்கவும் துணைசெய்யும்.

இதனினும் கூர்மையான சான்று எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியலில் உள்ளது. விண்மீன் பெயரால் அமையும் நாட்பெயர்கள் வினைச்சொல்லோடு புணரும்போது இடையில் ‘ஆன்’ சாரியை பெறும் என்றும், திங்கட்பெயர்கள் ‘இக்கு’ச் சாரியை பெறும் என்றும் தொல்காப்பியர் தனித்தனியே விதிக்கிறார். இகர ஈற்றில் கூறிய இவ்விதி ஐகார ஈற்றுப் பெயர்க்கும் பொருந்துமெனப் பின்னர் மாட்டெறிகிறார். சித்திரை என்பது நாளின் பெயராகவும் திங்களின் பெயராகவும் வழங்குவது. அச்சொல் நாளைக் குறிக்கும்போது ஆன் சாரியையும், திங்களைக் குறிக்கும்போது இக்குச் சாரியையும் பெறும். ஒரே சொல் சுட்டுவது நாளா திங்களா என்பதைச் சாரியை வேறுபாடு தெளிவுறுத்தியது என்பது இதனால் பெறப்படும்.

இங்கு இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, தொல்காப்பியர் கூறும் ஆன் சாரியைக்கும் ஆங்கில ஆன் என்னும் சொல்லுக்கும் உள்ள ஒலியொப்புமை தற்செயலானது. மூன்றாம் வேற்றுமை உருபுகளுள் ஒன்றாக ‘ஆன்’ என்பதும், ஐந்தாம் வேற்றுமை உருபாக ‘இன்’ என்பதும் தமிழில் உண்டு. இவ்வொலியொப்புமையிலிருந்து மொழித்தொடர்பு எதனையும் நிறுவ இயலாது. இரண்டாவது, அன்றைய வடிவங்கள் இன்றைய வழக்கில் அப்படியே இல்லை. திங்கட்பெயர் அன்று பெற்ற இக்குச் சாரியையின் இடத்தில் இன்று ‘மாதத்தில்’ என்பதே பெருவழக்கு. வடிவங்கள் மாறினும், காலத்தின் அளவு வேறுபடுந்தோறும் அதனைக் குறிக்கும் முறையும் வேறுபட வேண்டும் என்னும் நெறி மாறவில்லை. வகுப்பறைக்கு வேண்டுவது இந்நெறியே.

ஒப்புமை நிற்கும் இடமும் முறியும் இடமும்

இரு மொழி அமைப்புகளை ஒப்பிட்டுக் கற்போரின் இடர்களை முன்னறியலாம் என்னும் கருத்தை இராபர்ட் லேடோ 1957ஆம் ஆண்டு நூலில் விரிவாக முன்வைத்தார். பிழைகள் கற்றல் நிகழ்வதற்கான சான்றுகள் என்னும் பார்வையைப் பிட் கார்டர் 1967ஆம் ஆண்டுக் கட்டுரையில் வலியுறுத்தினார். இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், தமிழ் மாணவரின் காலச்சொற் பிழைகள் மூன்று இடங்களில் திரள்வதைக் காணலாம்.

முதலாவது, நாட்பெயருக்கு முன் ஆன் விடுபடுதல். தமிழில் ‘திங்கட்கிழமை வந்தான்’ என உருபின்றி வருவதே இதற்குக் காரணம். ‘அன்று’ சேர்ந்த வடிவத்தை ஆசிரியர் நினைவூட்டினால் அவ்வெற்றிடம் கண்ணுக்குப் புலப்படும். இரண்டாவது, ‘இரவில்’, ‘நண்பகலில்’, ‘நள்ளிரவில்’ எனத் தமிழ் இல் உருபு பெறும் இடங்களில் ஆங்கிலம் அட் என்பதை ஆளுதல். ‘காலையில்’, ‘மாலையில்’ என்பவற்றுக்கு இன் வருவதால் மாணவர் இரவுக்கும் அதனையே கொள்வர். மூன்றாவது, ‘திங்கட்கிழமை காலையில்’ என்பதில் தமிழ் இறுதிச்சொல்லை நோக்கி உருபைத் தர, ஆங்கிலம் நாளை நோக்கி ஆன் கொள்ளுதல்.

முழுமையாக ஒத்துச்செல்லும் இடமும் ஒன்று உண்டு. ‘நேற்று’, ‘நாளை’, ‘அடுத்த வாரம்’, ‘போன வருடம்’ ஆகியவை தமிழில் உருபின்றி வருவது போலவே, இவற்றுக்கு நேரான ஆங்கிலத் தொடர்களும் முன்னிடைச்சொல்லின்றி வரும். தாய்மொழியை நம்பி விட்டுவிடத்தக்க இவ்விடத்தில்தான், விதியை மனப்பாடம் செய்த மாணவர் தேவையற்ற ஆன் ஒன்றைச் சேர்த்துப் பிழை செய்ய நேர்கிறது. விதியை மட்டும் கற்பிப்பதன் விளைவு இது.

விளையாட்டு எதைச் செய்ய வேண்டும்

தமிழகத் தொடக்கப் பள்ளிகளுக்கு விளையாட்டு புதியதன்று. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டம் ஆடல், பாடல், விளையாட்டு ஆகியவற்றோடு மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்திக் கற்பிக்க வழிசெய்தது. ஆகவே விளையாட்டு வேண்டுமா என்னும் வினா முடிந்த ஒன்று. எத்தகைய விளையாட்டு என்பதே எஞ்சிய வினா.

வழக்கமாக ஆடப்பெறுவது அட்டை பொருத்தும் விளையாட்டாகும். ‘மண்டே’ என்னும் அட்டையை ஆன் என்னும் அட்டையோடு விரைந்து சேர்ப்பவர் வெல்வர். இதில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. ‘மண்டே’ என்னும் சொல்லே நாளை உணர்த்திவிடுவதால் ஆன் இருப்பினும் இல்லாவிடினும் பொருள் மாறுவதில்லை. பொருளுக்குத் தேவையற்றதாகத் தோன்றும் சொல்லைக் குழந்தையின் கவனம் பற்றிக்கொள்வதில்லை. அட்டை வேகத்தில் வென்ற குழந்தை மறுநாள் பேசும்போது அச்சொல்லை விட்டுவிடுவது இதனாலேயே ஆகும்.

பொருளை மையமாக்கும் விளையாட்டிற்குத் தென்னிந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டம் பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் செயல்பட்டது. கடிகார முகம், மாத நாட்காட்டி, பள்ளிக் கால அட்டவணை, தொடர்வண்டிக் கால அட்டவணை ஆகியவை அதன் பணிகளுக்குக் கருவிகளாயின. ஒரு சிக்கலுக்கு விடை காணும் முயற்சியில் ஈடுபடும்போது மொழியமைப்பு தானே படியும் என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கையை முழுமையாக ஏற்பினும் ஏற்காவிடினும், காலத்தைக் கற்பிக்க அவர் தேர்ந்த பொருள்கள் இன்றும் ஏற்புடையனவே.

இவ்வடிப்படையில் மூன்று விளையாட்டுகளைப் படிநிலையாகக் கருதலாம்.

1. கட்டத்துள் கட்டம்: பாண்டி ஆட்டம் போலத் தரையில் சுண்ணக்கட்டியால் பெரிய கட்டமும், அதனுள் நடுக்கட்டமும், அதனுள் சிறுகட்டமும் வரையப்படும். பெரிய கட்டம் மாதமும் ஆண்டும், நடுக்கட்டம் நாள், சிறுகட்டம் மணி. ஆசிரியர் முதலில் தமிழில் ‘ஆடியில்’, ‘ஆடி 18 அன்று’, ‘காலை 6 மணிக்கு’ என்பார். மாணவர் உரிய கட்டத்துள் குதிப்பர். இல், அன்று, கு ஆகிய மூன்றும் மூன்று கட்டங்களுக்கு உரியவை என்பதை அவர்களே கண்டுரைத்த பின்னர் அதே கட்டங்களில் இன், ஆன், அட் என எழுதப்படும். அடுத்த சுற்று முழுமையும் ஆங்கிலத்தில் நிகழும். ஆடித் திங்களுள் பதினெட்டாம் நாளும், அந்நாளுள் ஆறு மணியும் அடங்கியுள்ளன என்பதைக் கால்கள் உணரும்.

2. பாதி அட்டவணை: ஒரு வார நிகழ்வுகள் கொண்ட அட்டவணை இருவருக்குப் பாதிபாதியாகப் பகிரப்படும். ஒருவரிடம் சந்தை கூடும் கிழமை இருக்கும். மற்றவரிடம் பேருந்து புறப்படும் மணி இருக்கும். வினவி விடைபெற்றாலன்றி அட்டவணை நிறையாது. இங்கு முழுத்தொடராக விடையளித்தல் விதி.

3. மணியும் கதவும்: ஒரு மாணவர் அட்டைக் கடிகாரத்தின் முள்ளை நகர்த்துவார். பிறர் ஆசிரியரின் கட்டளைக்கேற்ப வகுப்பறைக் கதவை நோக்கி இயங்குவர். ‘ஐந்து மணிக்கு’ வர வேண்டும், ‘ஐந்து மணிக்குள்’ வந்துவிட வேண்டும், ‘ஐந்து மணி வரை’ நிற்க வேண்டும் என்னும் மூன்றனையும் ஆங்கிலத்தில் முறையே அட், பை, டில் என்பவை உணர்த்தும். இங்கு முன்னிடைச்சொல் மாறினால் செயலே மாறிவிடும். பிழை வகுப்பினர் அனைவரின் கண்முன்னும் வெளிப்படும். கட்டளைக்கேற்ப உடல் இயங்குவதன் வழி மொழி கற்பிக்கும் முறையை ஜேம்ஸ் ஆசர் 1960களில் முன்வைத்தார். கு, உள், வரை என்னும் வேறுபாட்டைத் தமிழில் ஐயமின்றி அறிந்த குழந்தைக்கு அம்முறை மிக எளிதாகப் பொருந்தும்.

மூன்றிற்கும் வேண்டுவன சுண்ணக்கட்டியும் தடித்த அட்டையுமே. ஓராசிரியர் பல வகுப்புகளை ஒருங்கே நடத்தும் பள்ளியில் மூத்த மாணவர் கடிகாரத்தை நடத்த, இளையோர் இயங்கலாம். விளையாட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் வாரத்தைப் பற்றி மூன்று தொடர்கள் எழுதுதல் வேண்டும். ஒரு வாரம் கழித்து, விதியை நினைவூட்டாமல் மீண்டும் எழுதச் செய்து ஒப்பிடுவதே சரியான மதிப்பீடு. விளையாட்டின்போது எழும் ஆரவாரம் கற்றலின் அளவுகோலாகாது.

மலையின் நாட்காட்டி

விளையாட்டில் இடம்பெறும் நிகழ்வுகள் மாணவரின் வாழ்வுக்கு உரியனவாக இருத்தல் இன்றியமையாதது. பனிபொழியும் டிசம்பரும், ஞாயிறுதோறும் நிகழும் தேநீர் விருந்தும் அட்டைகளில் நிறைந்திருப்பின் மலைக்குழந்தை காலத்தையும் ஊகிக்க வேண்டும். மொழியையும் ஊகிக்க வேண்டும். சாமை விதைக்கும் மாதம், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் பருவம், வாரச்சந்தை கூடும் கிழமை, ஆடிப்பெருக்கு, மலையில் நடைபெறும் கோடை விழா, விடுதியில் மணியடிக்கும் நேரம் ஆகியவை அவர்கள் முன்னரே அறிந்த காலங்கள். பருவ வேலைக்காக வெளியூர் சென்ற பெற்றோர் திரும்பி வரும் மாதமும் சில குழந்தைகள் எண்ணிக் காத்திருக்கும் காலமாகும். அதனை அட்டையில் எழுதுவதா என்பதை ஆசிரியர் குழந்தையின் மனநிலையறிந்து முடிவுசெய்தல் வேண்டும்.

கடிகார நேரம் இவ்வயதினர்க்கு எளிதன்று என்பதும் கருதத்தக்கது. தொடக்க வகுப்புக் கணக்குப் பாடத்தில் கடிகாரமும் நாட்காட்டியும் இடம்பெறுகின்றன. அப்பாடம் முடிந்த பின்னரே அட் என்பதற்குரிய விளையாட்டுகளைத் தொடங்குதல் முறை. மணி பார்க்கத் தெரியாமையால் நேரும் பிழையை ஆங்கிலப் பிழையாகக் கணக்கிடுதல் குழந்தைக்கு இழைக்கும் அநீதியாகும்.

எதிர்க்கருத்துகள்

ஆங்கில வகுப்பில் தமிழ் புகுந்தால் ஆங்கிலம் கேட்கும் வாய்ப்பு குறையும் என்பது முதல் எதிர்க்கருத்து. வீட்டில் ஆங்கிலமே கேளாத குழந்தைக்கு வகுப்பறை நேரம் அருமையானது என்பதால் இதனைப் புறக்கணித்தல் கூடாது. ஆயின் மேற்கூறிய முறையில் தமிழ் இடம்பெறுவது முதல் விளையாட்டின் முதற்சுற்றில் மட்டுமே. சில நிமிடங்கள் செலவிட்டுப் பெறும் தெளிவு, பின்னர்ப் பல வகுப்புகளில் விதியைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஒப்புமையைக் கற்பித்தால் ‘இரவில்’ போன்ற விலக்குகளில் குழந்தை வழுக்கும் என்பது இரண்டாவது. இது மெய்யே. அதனால்தான் விலக்குகள் எண்ணிக்கையில் சிலவே என்பதை அறிந்து, அவற்றைத் தனியாக, ஒப்புமை நிலைபெற்ற பின்னர்க் கற்பித்தல் வேண்டும். பரமபதக் கட்டத்தில் பாம்புகள் உள்ள இடங்களில் இவ்விலக்குகளை எழுதி ஆடச் செய்யலாம். சரியான தொடரைக் கூறியவர் இறங்க வேண்டியதில்லை.

ஆங்கிலம் கற்பித்தல் தமிழ்த்துறையின் பணியன்று என்பது மூன்றாவது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே இடைநிலை ஆசிரியரே தமிழையும் ஆங்கிலத்தையும் கற்பிக்கிறார். அவருக்கு வேண்டிய ஒப்பீட்டு இலக்கணத்தைத் தமிழின் பக்கத்திலிருந்து தெளிவாக எழுதித் தருவதற்குத் தமிழாய்வாளரினும் தகுதியுடையார் இலர். வேற்றுமையியலையும் உயிர்மயங்கியலையும் தேர்வு வினாவிடையாக மட்டும் பயின்று முடிக்கும் நிலை மாறவும் இப்பணி உதவும்.

முடிவுரை

கல்வராயன் மலைக்குழந்தை ஆங்கிலக் காலச் சொற்களைக் கற்க வெறுங்கையோடு வருவதில்லை. மணிக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று, மாதத்திற்கு ஒன்று என வகுத்துப் பேசும் மொழியறிவு அக்குழந்தையிடம் உள்ளது. அதனை அறியாத விளையாட்டு அக்குழந்தையைத் தொடக்கப்புள்ளிக்கும் பின்னால் நிறுத்திவிடுகிறது. ‘உன் தமிழால்தான் இப்பிழை’ என்று கேட்டு வளரும் குழந்தை ஆங்கிலத்தைப் பெறுவதற்கு முன்னரே தமிழின்மேல் கொண்ட நம்பிக்கையை இழக்கிறது. முதல் தலைமுறை மாணவர்க்கு இவ்விழப்பு பெரிது.

எனவே இரு பணிகள் உடனடியாகத் தேவைப்படுகின்றன. ஒன்று, கல்வராயன் மலையில் வழங்கும் பேச்சுத்தமிழின் காலச் சொற்களையும் அவை பெறும் உருபுகளையும் தமிழ்த்துறைகள் முறையாகத் தொகுத்தல். மற்றொன்று, அத்தொகுப்பை ஆங்கில முன்னிடைச்சொற்களோடு ஒப்பிட்டு, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் வாயிலாகத் தொடக்கநிலை ஆசிரியர்க்குச் சிறு கையேடாக வழங்குதல். ஒத்துச்செல்லும் இடங்கள், முறியும் இடங்கள், ஒவ்வொன்றிற்கும் உரிய விளையாட்டு ஆகிய மூன்றும் அக்கையேட்டில் இருந்தால் போதும். பெருஞ்செலவோ புதிய கருவிகளோ வேண்டாத இப்பணியை ஒரு கல்வியாண்டுக்குள் தொடங்கி, மலைப்பள்ளிகள் சிலவற்றில் ஆடிப்பார்த்துத் திருத்துதல் இயலக்கூடியதே.